நல்ல சேவலை விற்காதீர்கள்!

உங்கள் வீட்டில் 4 சேவல்கள் இருக்கின்றன. கையில் காசு இல்லை. ஒரு சேவலைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தச் சேவலைப் பிடிப்பீர்கள்?

"இது என்ன கேள்வி? பெரிய சேவலைத்தான்!" என்பீர்கள்.

எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பெரிய சேவலுக்குத்தானே அதிக விலை கிடைக்கும்? அடுத்த மாதம் திருவிழா வரும். அதற்கு அடுத்த பெரிய சேவலை அறுப்பார்கள். மாமனார் வருவார். மூன்றாவதும் குழம்புக்குப் போய்விடும்.

கடைசியில் மிஞ்சுவது எது? யாரும் வாங்காத நோஞ்சான் சேவல்! வீட்டில் இருக்கும் பெட்டைகளுக்கெல்லாம் அதுதான் இனி ஜோடி. பிறக்கும் குஞ்சுகளுக்கெல்லாம் அதுதான் தகப்பன்.

"முன்பெல்லாம் கோழி எவ்வளவு பெரிதாக இருந்தது! இப்போது எல்லாம் சின்னதாகி விட்டதே!" என்று பிறகு வருத்தப்படுகிறோம். கோழி தானாகச் சின்னதாகவில்லை. நாம்தான் பெரியதை எல்லாம் விற்று, சின்னதை வைத்துக்கொண்டோம்.

இறைச்சிக்கு நாட்டுக்கோழி வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இது.

மலையில் கோழிதான் கைச்செலவு

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறக்கும் மலை இது. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு என்று மலைமேல் ஊர்கள் உண்டு. வானத்து நட்சத்திரங்களை ஆராயும் பெரிய தொலைநோக்கி இந்த மலையின் காவலூரில்தான் இருக்கிறது.

இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் பேசுவது தமிழ். பயிரிடுவது சாமை.

சாமை ஆண்டுக்கு ஒரு முறை விளையும். புளியும் தேனும் அதனதன் காலத்தில்தான் கிடைக்கும். ஆனால் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டுமே! பாட்டிக்கு மருந்து வாங்க வேண்டுமே! அதற்குக் காலம், நேரம் உண்டா?

அப்போது கை கொடுப்பது கோழி. கோழியைப் பெரும்பாலும் பெண்கள்தான் வளர்க்கிறார்கள். அந்தப் பணமும் அவர்கள் கைக்கே வருகிறது. ஆகவே கோழி சின்னதானால் சின்னதாவது அந்தத் தாயின் சுருக்குப்பைதான்.

மலையின் அடிவாரத்தில் ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கின்றன. பிரியாணிக்குப் பெயர் போன பக்கம் அது. கீழே வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்கள். மேலே கொடுப்பதற்கு நல்ல கோழி வேண்டும்.

நாட்டுக்கோழி என்றால் எது?

அமெரிக்காவில் பழைய கால்நடை இனங்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் இருக்கிறது. எந்தக் கோழியை 'மரபுக் கோழி' என்று சொல்லலாம் என்பதற்கு அந்தச் சங்கம் சில விதிகளை வகுத்திருக்கிறது. அது பழைய இனமாக இருக்க வேண்டும். சேவலும் பெட்டையும் தாமாகவே இணைய வேண்டும். வெளியே திரிந்து பல ஆண்டு வாழ வேண்டும். மெதுவாக வளர வேண்டும். அதாவது, விற்கும் எடைக்கு வர 16 வாரமாவது ஆகவேண்டும்.

நம் வீட்டுக் கோழி இந்தப் பரீட்சையில் படிக்காமலே தேறிவிடும்!

கறிக்கோழி எனப்படும் பிராய்லரின் கதை வேறு. அது சுமார் 40 நாளில் 2 கிலோ எடைக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதற்கு ஏற்ற தீவனம் வேண்டும், கொட்டகை வேண்டும். காட்டில் மேய விட்டால் பிழைக்காது. பருந்து வந்தால் ஓடத் தெரியாது. முட்டையை அடை காக்காது. குஞ்சுக்கு ஒவ்வொரு முறையும் கம்பெனியிடம்தான் போகவேண்டும்.

பிராய்லரின் பாட்டன் யார் தெரியுமா?

இங்கே ஒரு வேடிக்கை கேளுங்கள்.

இந்தியாவின் சண்டைச் சேவலுக்கு 'அசில்' என்று பெயர். 19-ம் நூற்றாண்டில் இதை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே கார்ன்வால் என்ற பகுதியில் வேறு இனங்களோடு சேர்த்தார்கள். அகன்ற நெஞ்சும் பருத்த தொடையும் கொண்ட ஒரு புது இனம் பிறந்தது. அதற்கு 'இந்தியன் கேம்' என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அதுவே 'கார்னிஷ்' ஆயிற்று.

1948-ல் அமெரிக்காவில் ஒரு போட்டி நடந்தது. 'நாளைய கோழி' என்பது போட்டியின் பெயர். அதிக இறைச்சி தரும் கோழிக்குப் பரிசு. வென்றது எது? கார்னிஷ் ரத்தம் கலந்த கோழி! அந்த வழியில் வளர்ந்ததுதான் இன்றைய பிராய்லர்.

பார்த்தீர்களா? இன்று கடையில் தொங்கும் வெள்ளைக் கோழியின் மார்பில் நம் ஊர்ச் சேவலின் பங்கு இருக்கிறது. வெளிநாட்டார் நம் சேவலைக் கொண்டுபோய், நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார்கள். நாமோ நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கி விற்றோம்.

இத்தனைக்கும் சேவலைக் கொண்டாடியவர்கள் நாம். சோழர் தலைநகரான உறையூருக்குக் 'கோழி' என்றே ஒரு பெயர் உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு நடுகல் இருக்கிறது. சண்டையில் உயிர் விட்ட சேவலுக்குச் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்னால் கல் நட்டார்கள்!

காட்டுக்கோழியின் மஞ்சள்

தென்னிந்தியக் காடுகளில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி உண்டு. இதற்கும் நம் வீட்டுக் கோழிக்கும் உறவு இருக்கிறது.

வீட்டுக் கோழிகள் எல்லாம் சிவப்புக் காட்டுக்கோழியின் வழி வந்தவை என்றார் டார்வின் என்ற அறிஞர். அது பெரும்பாலும் சரி. ஆனால் சிவப்புக் காட்டுக்கோழிக்கு மஞ்சள் தோல் கிடையாது. பிறகு நம் கோழிகளின் மஞ்சள் காலும் மஞ்சள் தோலும் எங்கிருந்து வந்தன? சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தன என்று சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2008-ல் கண்டுபிடித்தார்கள்.

"அப்படியானால் காட்டுக்கோழியைப் பிடித்து வளர்க்கலாமா?" என்று கேட்காதீர்கள். கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். காட்டில் இருப்பது காட்டிலேயே இருக்கட்டும். வீட்டில் இருப்பதை நன்றாக வளர்ப்போம்.

எந்த இனம் நல்லது?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிறுவிடை: சின்ன உடம்பு. பெட்டை சுமார் ஒன்றேகால் கிலோ இருக்கும். சேவல் ஒன்றரை முதல் 2 கிலோ வரை வரும். ஆண்டுக்குச் சுமார் 50 முதல் 80 முட்டை இடும். நன்றாக அடை காக்கும். குஞ்சுகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும். பருந்தின் நிழல் விழுந்தாலே குரல் கொடுக்கும். கறி ருசியாக இருக்கும்.

பெருவிடை: அசில் சாதி இது. உயரமான கால், அகன்ற மார்பு. சேவல் 3, 4 கிலோ கூட வரும். ஆனால் முட்டை குறைவு. பெட்டை கனமாக இருப்பதால் அடையில் முட்டை உடைவதும் உண்டு. சேவல்கள் ஒன்றோடொன்று சண்டை போடும்.

கிராப்புக் கோழி: கழுத்தில் இறகு இருக்காது. பார்க்க அழகாக இல்லை என்று ஒதுக்குவார்கள். ஆனால் வெயிலை நன்றாகத் தாங்கும். சமவெளிக்கு ஏற்றது.

கடக்நாத்: இதுதான் 'கருங்கோழி'. தோல், கறி, எலும்பு எல்லாம் கருப்பு. சொந்த ஊர் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டம். பில் பழங்குடி மக்கள் வளர்த்த கோழி. 2018-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிரிக்கெட் வீரர் டோனி 2022-ல் தன் ராஞ்சிப் பண்ணைக்கு 2 ஆயிரம் கடக்நாத் குஞ்சுகள் வாங்கினார். பத்திரிகைகளில் அது பெரிய செய்தி ஆயிற்று. ஆனால் இந்தக் கோழி அடை காப்பதில் கெட்டி அல்ல. எடையும் சிறுவிடையைவிடப் பெரிதாக அதிகம் இல்லை.

கிளிமூக்கு, விசிறிவால்: கண்காட்சிக்கு வளர்க்கும் அழகுச் சேவல். ஆயிரக்கணக்கில் விலை சொல்வார்கள். குழம்புக்கு அதை வாங்குவது, கொலுசை விற்று விறகு வாங்குவது போல!

இவற்றில் மலைக்கு எது ஏற்றது?

தாய் சிறுவிடையாக இருக்கட்டும். தகப்பன் பெருவிடைச் சேவலாக இருக்கட்டும். தாயிடமிருந்து குஞ்சுகளுக்கு மலையில் பிழைக்கும் சாமர்த்தியம் வரும். தகப்பனிடமிருந்து எடை வரும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எல்லாக் கோழியையும் இப்படிக் கலந்துவிடக் கூடாது. சில சிறுவிடைப் பெட்டைகளையும் ஒரு நல்ல சிறுவிடைச் சேவலையும் தனியாகக் காப்பாற்றுங்கள். கலப்புக் குஞ்சுகள் விற்பதற்கு. சுத்தச் சிறுவிடை விதைக்கு.

விதைச் சாமை, விதைச் சேவல்

சாமை அறுக்கும்போது என்ன செய்கிறோம்? நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு எடுத்து வைக்கிறோம். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதையை உலையில் போடுவதில்லை.

சேவலும் அப்படித்தான். ஒரு சேவலை 'இது விதைச் சேவல்' என்று ஒதுக்கிவிடுங்கள். அதன் காலில் ஒரு சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். நூல் கட்டிய சேவல் சந்தைக்கும் போகாது, சட்டிக்கும் போகாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியட்டும்.

எப்படிப் பொறுக்குவது?

குஞ்சு 2 மாதம் ஆகும்போது ஒரு முறை பாருங்கள். 4 மாதத்தில் மறுபடியும் பாருங்கள். கூடப் பிறந்தவற்றில் வேகமாக வளர்ந்தது எது? தராசில் நிறுத்துப் பாருங்கள். கையில் தூக்கி நெஞ்சைத் தடவுங்கள். நெஞ்செலும்பு நேராக இருக்க வேண்டும். அதன் இரு பக்கமும் சதை பிடித்திருக்க வேண்டும். முதுகு அகலமாக இருக்க வேண்டும். கால்கள் வளையாமல், இடைவெளி விட்டு நிற்க வேண்டும். கண் பளிச்சென்று இருக்க வேண்டும்.

அதன் தாயையும் பாருங்கள். 21 நாளும் அடையில் ஒழுங்காக உட்கார்ந்த தாயா? பொரித்த குஞ்சுகளைக் காப்பாற்றிய தாயா? அந்தத் தாயின் பிள்ளைக்கே முதல் இடம்.

8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். ஒன்று செத்தால் என்ன செய்வது? ஆகவே 2 சேவல்களை வைத்திருப்பது நல்லது.

ஒரே சேவலைப் பல ஆண்டு வைத்திருக்கவும் கூடாது. தகப்பனோடு மகள், அண்ணனோடு தங்கை என்று சேர்ந்தால் குஞ்சுகள் மெலியும், முட்டை பொரிக்காது. ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து ஊரில் உள்ள உறவினரிடம் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களும் நல்ல சேவலைக் கொடுங்கள். அவரும் நல்ல சேவலைக் கொடுக்கட்டும்.

அடை வைப்பது எப்படி?

ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை அடை வைக்காதீர்கள். மிகப் பெரியது, மிகச் சிறியது, ஓடு கீறியது ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். சிறுவிடைக்கு 9 முதல் 12 முட்டை போதும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு போகாது.

7-ம் நாள் இருட்டில் டார்ச் விளக்கின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. ஒன்றும் இல்லாமல் வெறுமையாக இருந்தால் கூமுட்டை. அதை எடுத்துவிடலாம்.

21-ம் நாள் குஞ்சு வரும். முதல் 2, 3 வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் மூடி வையுங்கள். நல்ல வெயில் அடிக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள். குஞ்சுகளைக் கொல்வது பெரும்பாலும் ஈரமும் குளிரும் பருந்தும் கீரியும்தான். மலையில் பனிக்காலத்தில் கூட்டின் பக்கங்களில் கோணி தொங்கவிடுங்கள். மேலே காற்றுப் போக இடம் இருக்கட்டும்.

காசு இல்லாத தீவனம்

குஞ்சுக்குச் சாமை நொய் நல்லது. கேழ்வரகும் போடலாம். ஆனால் தானியம் மட்டும் போதாது. சதை வளரப் புழு, பூச்சி வேண்டும்.

அதற்கு நம் பெரியவர்கள் கண்ட வழி கரையான். ஒரு பழைய பானையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்த கோணி, காய்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றை அதில் திணித்து நீர் தெளியுங்கள். மாலையில் கரையான் உள்ள இடத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகள் முன் தட்டினால் போதும். அவை விருந்து சாப்பிடும்!

கழுத்தைத் திருகும் நோய்

எவ்வளவு நல்ல சேவலாக இருந்தாலும் ஒரே வாரத்தில் ஊரையே காலி செய்துவிடும் நோய் ஒன்று உண்டு. அதுதான் வெள்ளைக்கழிச்சல். டாக்டர்கள் 'ராணிக்கெட்' என்பார்கள். இமயமலைப் பக்கத்து ராணிக்கெட் என்ற ஊரில் 1927-ல் கண்டறிந்ததால் அந்தப் பெயர்.

கோழி வெள்ளையாகவும் பச்சையாகவும் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். கழுத்து திருகிக்கொள்ளும். வந்த பிறகு மருந்து இல்லை. வராமல் தடுக்க மருந்து உண்டு.

குஞ்சுக்கு 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடவேண்டும். 8-ம் வாரத்தில் இறக்கையில் ஊசி போடவேண்டும். அவ்வளவுதான். நோய் இல்லாத கோழிக்குத்தான் போடவேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரு மருந்துக் குப்பியில் 100, 200 கோழிகளுக்கான மருந்து இருக்கும். திறந்தால் அன்றைக்கே, கொஞ்ச நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். 10 கோழி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு இது எப்படி முடியும்?

ஊர் சேர்ந்தால் முடியும்! ஊரில் உள்ள எல்லாரும் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கால்நடை மருந்தகத்தில் சொல்லி வையுங்கள். அன்று விடியற்காலையில், கோழிகளைத் திறந்துவிடும் முன்னே, எல்லா வீட்டுக் கோழிக்கும் போட்டுவிடலாம். ஒரு வீடு விட்டுப்போனாலும் நோய் அந்த வழியாக உள்ளே வரும். கால்நடைத் துறையே ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரியில், இதற்கு முகாம் நடத்துகிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

ஐஸ் வசதி இல்லாத ஊர்களுக்காகத் தீவனம் போலக் கொத்தித் தின்னும் குருணை மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. மருந்தகத்தில் அதைப் பற்றியும் கேளுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு பெட்டை ஆண்டுக்கு 3 முறை அடை உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 8 குஞ்சு பொரிக்கிறது. மொத்தம் 24.

8-ல் 2 மட்டும் பிழைத்தால் ஆண்டுக்கு 6 கோழி. பஞ்சாரமும் தடுப்பு மருந்தும் சேர்ந்து 8-ல் 5 பிழைத்தால் 15 கோழி! ஒரே பெட்டை. அதே மேய்ச்சல். 9 கோழி அதிகம்.

தகப்பன் நல்ல சேவலாக இருந்து ஒவ்வொரு கோழியும் கால் கிலோ கூடினால்? 15 கோழிக்கு 4 கிலோவுக்குப் பக்கமாகக் கூடுதல். விதைச் சேவலை விற்காமல் வைத்த நஷ்டம் ஒரே ஆண்டில் திரும்பி வந்துவிடும்.

ஏமாற்றுக்காரர்கள் ஜாக்கிரதை!

நாட்டுக்கோழிக்கு மவுசு வந்ததும் மோசடியும் வந்தது. "குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதம் இவ்வளவு பணம் தருகிறோம். முதலில் டெபாசிட் கட்டுங்கள்" என்று ஆசை காட்டுவார்கள்.

2012-ல் ஈரோடு மாவட்டத்தில் ஈமு கோழி என்ற பெயரில் ஏராளமான குடும்பங்கள் பணத்தை இழந்தன. 2019-ல் மராட்டிய மாநிலத்தில் கடக்நாத் கோழியைச் சொல்லி அதே போல மோசடி நடந்தது. கோழி தப்பு செய்யவில்லை. பேராசை காட்டியவர்கள் செய்தார்கள்.

நாட்டுக்கோழி வளர்க்க டெபாசிட் எதற்கு? 2 பெட்டை, ஒரு சேவல், ஒரு பஞ்சாரம் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

விற்கும் நாள்

நாட்டுச் சேவல் 5, 6 மாதத்தில் விற்கும் பருவத்துக்கு வரும். அந்த வயதில் கறி கெட்டியாகவும் மெதுவாகவும் இருக்கும். கேழ்வரகுக் களிக்கும் குழம்புக்கும் அதுதான் பொருத்தம். முட்டை நின்றுபோன கிழப் பெட்டையை நன்றாக வேகவைத்தால் சாறு நன்றாக இருக்கும்.

சந்தையில் கண் மதிப்பில் விலை பேசாதீர்கள். நிறுத்து, கிலோ கணக்கில் பேசுங்கள். வீட்டில் ஒரு முறை நிறுத்துவிட்டுப் போனால் வியாபாரி எடையில் ஏமாற்ற முடியாது.

இந்த முறை திருவிழா வரும்போது கூட்டைத் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் பெரிய சேவல் எது? அதன் காலில் சிவப்பு நூலைக் கட்டுங்கள். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் புறப்படுங்கள்!